இடம் மாறிய இரண்டு படங்கள்

போன வாரம் மழை விட்ட ஒரு காலையில் எங்கள் குடியிருப்பின் பின்பக்கச் சுவரோரம் நின்றிருந்தேன். கீழ்வீட்டுப் பெண், வேலைக்காக ஓசூரிலிருந்து வந்தவள், சுவரில் படர்ந்திருந்த ஒரு கொடிக்கு முன்னால் கைபேசியை நீட்டிப் பிடித்திருந்தாள். "ஆன்ட்டி, படம் எடுத்தா போதும். செடியோட பேரு, சாப்பிடலாமா கூடாதா, எல்லாம் சொல்லிடுது" என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு இலையைக் கிள்ளி வாயருகே கொண்டுபோனாள். என் கை எப்படி எழுந்தது என்று தெரியவில்லை. அவள் விரல்மேல் ஓங்கி அடித்துவிட்டேன். இலை சேற்றில் விழுந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் கொடியை உற்றுப் பார்த்தேன். கோவை. வெறும் கோவைக்கொடி. நடந்துபோகிற போக்கில் நீ பறித்து மென்றுகொண்டே பேசுவாயே, அதே இலை.

மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். முப்பது வருடம் ஓடிவிட்டது. நீ போயும் ஏழு மாதம் ஆகிவிட்டது. இருந்தும், யாராவது ஒரு படத்தை நம்பி ஒரு இலையை வாயில் வைப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மறுநாள் காலையிலேயே விக்கிரமசிங்கபுரத்துக்குப் பஸ் ஏறினேன். ஏன் போனேன், அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால், உனக்குத் தெரிந்த கதையையே என் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்ல வேண்டும்.

நீ அறிவியல் டீச்சர். நான் டிராயிங் டீச்சர், அதுவும் தற்காலிகப் பணி. பாளையங்கோட்டையில் நம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஒரே டிபன் டப்பாவைப் பங்கிட்டுக்கொண்டவர்கள். பிள்ளைகள் முன்னால் என்னை 'டீச்சர்' என்பாய். தனியே என்றால் 'ஏட்டி'. சனிக்கிழமைகளில் விடுதிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொக்கிரகுளத்து ஆற்றங்கரைக்கும் கால்வாய் ஓரங்களுக்கும் போய்வருவாய். வல்லாரை, பொன்னாங்கண்ணி, தொய்யக்கீரை, சாரணை என்று மடி நிறையப் பறித்து வந்து விடுதிச் சமையலறையில் கொட்டுவாய். சமையல்காரம்மாள் மூக்கைச் சுளிப்பாள். "பேரு தெரியாத எலையெல்லாம் நான் ஆக்க மாட்டேன் டீச்சர். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்லுதது?" அவளுக்காகத்தான் முதலில் நீ ஒரு நோட்டில் பெயர்களை எழுதினாய். பெயர் மட்டும் போதவில்லை. "பேரு தெரிஞ்சா போதாதுட்டி. மூஞ்சி தெரியணும். நீ வரையி" என்று என் கையில் பேனாவைத் திணித்தாய்.

அப்படித்தான் அந்தச் சின்னப் புத்தகம் பிறந்தது. ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் அடங்குகிற அளவு. பக்கத்துக்கு ஒரு செடி. மேலே படம், கீழே பெயர், எங்கே வளரும், எப்படிச் சமைப்பது என்று நான்கு வரி. கடைசியில் ஆறு பக்கம் மட்டும் 'தொடவே கூடாதவை'. அந்த ஆறு பக்கத்துக்காக நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காட்டு வள்ளிக்கொடிக்கும் கண்வலிப்பூக்கொடிக்கும் நடுவே என்னை மூன்று வாரம் அலைய வைத்தாய். கண்வலிப்பூவை யாருக்குத் தெரியாது? ஐப்பசி, கார்த்திகையில் வேலியில் தீப்பிடித்த மாதிரி பூக்கும் செங்காந்தள்தான் அது. நான் ஆசை ஆசையாகப் பூவோடு வரைந்து காட்டினேன். நீ தலையசைத்துவிட்டாய்.

"பூவ வரையாதட்டி. பூவப் பாத்தா சின்னப்பிள்ளையும் கண்டுபிடிச்சிரும். பூ உதுந்த பொறவுதான் ஆளு ஏமாறும். கிழங்கத் தோண்டிருவான், வேகவெச்சிருவான். கொடியையும் கிழங்கையும் மட்டும் வரை."

வரைந்தேன். இலை நுனி சுருண்டு பற்றிக்கொள்வதை வரைந்தேன். கலப்பை போல இரண்டாகப் பிரிந்த கிழங்கை வரைந்தேன். காட்டு வள்ளியையும் அதே போலக் கொடியும் கிழங்குமாக வரைந்தேன். ஒன்று பசியாற்றும். மற்றது ஆளைக் கொல்லும். படங்களை அச்சுக்கட்டையாக, பிளாக்காக எடுக்கக் கொடுத்தோம்.

இனி சொல்வது, நான் உன்னிடம் வாய்திறந்து சொல்லாதது.

சரிபார்க்க வேண்டிய புரூஃப் தாள்கள் அச்சகத்தில் தயாரான வாரம் நீ காய்ச்சலில் கிடந்தாய். போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி என்னிடம் சொல்லி அனுப்பினாய். "படம் நல்லா விழுந்திருக்கான்னு பாக்காண்டாம். படமும் பேரும் ஒண்ணுக்கொண்ணு சரியா இருக்கான்னு மட்டும் பாரு. ஒவ்வொரு பக்கமா விரல வெச்சுப் பாரு." நான் திருநெல்வேலி டவுணுக்குப் போனேன். அச்சகம் இருந்த சந்துக்குள் நுழைவதற்கு முன்னால், ரத வீதியில் ஒரு துணிக்கடையில் ஏறினேன். கிறிஸ்துமஸுக்கு மகளுக்கு ஒரு கவுன் எடுக்க வேண்டியிருந்தது. நீலமா ரோஸா என்று நின்றதிலேயே பொழுது போய்விட்டது. அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் அண்ணாச்சி ஈரம் காயாத தாள்களை நீட்டி, "மெஷின்காரர் காத்துக்கிட்டு இருக்காரு டீச்சர், செத்த சீக்கிரம் பாத்துருங்க" என்றார்.

பார்த்தேன். என் படங்களைப் பார்த்தேன். என் கோடுகள் முதன்முதலாக அச்சில் விழுந்திருந்தன. இலை நரம்புகளில் மை அடைத்திருக்கிறதா, கிழங்கின் மேல்தோல் புள்ளிகள் தெளிவாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். மனம் பூரித்துப் போயிருந்தது. கீழே இருந்த பெயர்களை நான் படிக்கவே இல்லை. ஒரு பக்கத்தில்கூட விரல் வைக்கவில்லை. கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் பிடித்தேன். உன் கட்டில் அருகே வந்து, "எல்லாம் பாத்துட்டேன். விரல் வெச்சு" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, "அப்போ சரி" என்றாய்.

முப்பது பிரதிகள் மட்டும் முதலில் தைத்து வந்தன. அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய நாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாய். புத்தகத்தைப் பார்த்து ஐந்து செடி கண்டுபிடித்து எழுதி வர வேண்டும். நான் வாசலில் நின்றுகொண்டு சும்மா இருக்க மாட்டாமல், "அம்மாட்ட சொல்லி சமைச்சு, ருசி எப்படி இருந்துச்சுன்னும் எழுதிட்டு வந்தா கூடுதல் மார்க்கு" என்று சேர்த்துச் சொன்னேன். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். நீ சிரித்தாய்.

நாலாம் நாள், திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். தொப்பலாக நனைந்து என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். குடை கையில் மடித்தபடியே இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து புத்தகத்தை விரித்தாய்.

"இந்தப் பக்கத்தப் பாருட்டி."

காட்டு வள்ளி என்று போட்டிருந்தது. தோல் சீவி, இருமுறை தண்ணீர் மாற்றி வேகவைத்து உண்ணலாம் என்று உன் நான்கு வரி இருந்தது. மேலே இலை நுனி சுருண்டிருந்தது. கிழங்கு இரண்டாகப் பிரிந்திருந்தது. நீ புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டிக் காட்டினாய். தொடவே கூடாத செடியின் இடத்தில் வள்ளிக்கொடி சாதுவாகப் படுத்திருந்தது. முந்தைய நாள் மாலை கால்வாய்க் கரையில் நடந்துபோனபோது, பூ உதிர்ந்த கண்வலிக்கொடியைப் பார்த்ததும் என் படத்தோடு ஒத்துப் பார்க்கலாமே என்று ஆசையாகப் புத்தகத்தை எடுத்ததாகச் சொன்னாய்.

இருபத்தெட்டுப் பிள்ளைகள். நான்கு நாள். கூடுதல் மார்க்கு.

"நீ புரூஃப் பாக்கும்போது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாய். குரலில் கோபமே இல்லை.

"சரியாத்தான் இருந்துச்சு. பொறவு கம்பாசிட்டர் அண்ணாச்சி கையில மாறியிருக்கும்."

அந்த வார்த்தைகள் எப்படி அவ்வளவு தயாராக என் வாயில் இருந்தன என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். என் சம்பளம் ஒன்றில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. தற்காலிகப் பணிக்காரியை வீட்டுக்கு அனுப்ப ஒரு காகிதம் போதும். இதையெல்லாம் யோசித்துப் பொய் சொன்னேன் என்றால் அதுவும் பொய். பயத்தில் சொன்னேன். உன் முடியிலிருந்து தண்ணீர் சொட்டிப் புத்தகத்தில் விழுந்தது.

"சரி. பிள்ளையளப் பாப்போம்" என்றாய்.

உள்ளூர்ப் பிள்ளைகள் இருபது பேர். அன்று பகல் முழுக்க மழையில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஒவ்வொரு வாசலிலும் கதவு திறக்கும் முன்னால் உள்ளே பிள்ளையின் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். மேலப்பாளையத்தில் ஒரு பிள்ளை அழுதுகொண்டே புத்தகத்தை நீட்டி, "மன்னிச்சிருங்க டீச்சர், நான் இன்னும் தெறந்தே பாக்கல" என்றாள். நீ அவளை இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தாய். வீட்டுப்பாடம் செய்யாததற்கு முத்தம் வாங்கிய பிள்ளை அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வெளியூர்ப் பிள்ளைகள் எட்டுப் பேர். வேறு வேறு திசைகளில் இருந்த ஐந்து பேருக்குத் தந்தி கொடுத்தோம். நாங்குநேரிப் பக்கம் ஒரு வீட்டில் தந்தி என்றதுமே ஒப்பாரி வைத்துவிட்டார்களாம். தபால்காரர் அதட்டிப் படித்துக் காட்டிய பிறகுதான் கீரை விஷயம் என்று தெரிந்ததாம். அந்தப் பிள்ளையின் அப்பா பிறகு வந்து சொன்னபோது நாம் சிரித்தோம். தந்தி கொடுத்த அன்று சிரிப்பு எங்கே வந்தது? மிச்சம் மூன்று பேர் ஆற்றோரம் மேற்கே, ஒரே பஸ் வழியில் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை பாபநாசம் பஸ்ஸில் ஏறினோம்.

சேரன்மகாதேவியில் இறங்கி ஒரு புத்தகம். கல்லிடைக்குறிச்சியில் ஒரு புத்தகம். அந்தப் பிள்ளை பொன்னாங்கண்ணியும் மணத்தக்காளியும் பறித்து, அழகாக எழுதி வைத்திருந்தாள். "மார்க்க கொறச்சிருவியளா டீச்சர்?" என்று கேட்டாள். அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் நீ உட்கார்ந்து வெளியே வேலிகளையே பார்த்துக்கொண்டு வந்தாய். நானும் பார்த்தேன். எந்த வேலியைப் பார்த்தாலும் சுருண்ட இலை நுனிகள் தெரிவது போலவே இருந்தது. தாங்க முடியாமல் வாயெடுத்தேன்.

"ஏட்டி, அன்னைக்கு பிரஸ்ல..."

நீ என் பக்கம் திரும்பாமலே என் கையைப் பிடித்து அழுத்தினாய். "அதெல்லாம் பொறவு. இப்ப பிள்ளைய பாக்கணும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொள்ளச் சொன்னாயே என்று உள்ளூர நிம்மதிகூடப் பட்டேன்.

விக்கிரமசிங்கபுரத்தில் மில் தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாக இருக்கும் தெரு உனக்குப் பழக்கம். நீ பிறந்து வளர்ந்த ஊர். பிற்பகல் மூன்று மணி. மழை விட்டிருந்தது. மூன்றாவது பிள்ளை இசக்கியம்மாள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நம்மைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

"டீச்சர்! கிழங்கு கெடச்சிட்டு டீச்சர்! வாய்க்கா வேலியில தோண்டுனேன். படத்துல இருக்க மாதிரியே இருந்துச்சு!"

நீ அவள் தோளைப் பிடித்தாய். "தின்னியா?"

"இல்ல டீச்சர். அம்மா தரல."

"அம்மா எங்க?"

"படுத்திருக்காவ. வயிறு சரியில்லைன்னாவ."

அவள் அம்மா கூடங்குளத்துப் பக்கம் கடற்கரை மண்ணிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மலையடிவாரத்துச் செடி கொடி எதுவும் அவளுக்குப் பழக்கமில்லை. பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் பீடித்தட்டு பாதி வேலையோடு கிடந்தது, ஓரத்தில் ஒரு வாளி. நம்மைப் பார்த்து எழுந்திருக்க முயன்றாள். வாந்தி எடுத்து எடுத்துக் குரல் போயிருந்தது.

"காலைல பதினோரு மணிக்கு ரெண்டு துண்டு தின்னு பாத்தேன் டீச்சர். பிள்ளையளுக்குக் குடுக்கும் முன்ன நாம தின்னு பாக்கணும்லா. சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் செய்யலன்னா குடுக்கலாம்னு மூடி வெச்சிருக்கேன்."

அவள் காட்டிய சட்டியைத் திறந்தேன். வெந்த கிழங்கு. இரண்டு தம்பிகளும் ஒரு தங்கையும் இசக்கியும் சாயங்காலத்துக்காகக் காத்திருந்தார்கள்.

நீ வேகமாக வேலை செய்தாய். வேகாத கிழங்கு ஒன்றை இசக்கியின் ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டு, டாக்டருக்குக் காட்ட எடுத்துக்கொண்டாய். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டிச் சட்டியை உடைக்கச் சொன்னாய். தெருமுனையில் நின்ற வாடகை வேனை நிறுத்தினாய். வேனில் அம்மாவின் தலை உன் மடியில். இசக்கி என் மடியில். அந்தப் பிள்ளை அழவில்லை. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறை அவள் அம்மா முனகும்போதும் நகத்தை அழுத்தினாள். அம்பாசமுத்திரத்தில் பார்த்துவிட்டு பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். "எவ்வளவு தின்னாங்கங்கறதுலதான் இருக்கு. மூணு நாள் போகணும்" என்றார் டாக்டர்.

இசக்கியின் அப்பா மில் வேலையிலிருந்து நேராக ஓடிவந்திருந்தார். தலையெல்லாம் பஞ்சு. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ நீட்டிய புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"யாரு டீச்சர் இத எழுதுனது?"

"நாந்தான்" என்றாய் நீ.

அவர் உன்னைத் திட்டவில்லை. அப்படியே சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தில் ஒரு வாக்கியம் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

மூன்று நாளும் பகல் முழுக்க அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் வெளியே வரும்போதெல்லாம் நீ எழுந்து நிற்பாய். நான் எழ மாட்டேன். எழுந்தால் கேட்க வேண்டியிருக்குமே என்று பயம். கிறிஸ்துமஸ் வந்து போனது. மகள் புது கவுனை உடுத்திக்கொண்டு என் முன்னால் சுற்றிக் காட்டியபோது பார்க்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆறாம் நாள் இசக்கியின் அம்மா இரண்டு கரண்டி கஞ்சி குடித்தாள். உயிர் தங்கிவிட்டது. வீட்டுக்குப் போன இரண்டாம் வாரம் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அந்த விஷம் அப்படித்தான் செய்யுமாம். முடி திரும்ப வளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் சீப்பில் முடி வரும்போது எந்தப் பெண்ணுக்கு அந்த வார்த்தை போதும்?

பள்ளி திறந்தது. இசக்கி வந்தாள். யாரோடும் பேசவில்லை. நீ கூப்பிட்டு விசாரித்தபோது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாந்தான் டீச்சர் மாத்தித் தோண்டிட்டேன். படத்தச் சரியாப் பாக்கல." அவள் நோட்டில் அந்தக் கிழங்கைப் பற்றி எழுதிய பக்கத்தைப் பேனாவால் கிழிகிறவரைக்கும் அடித்திருந்தாள்.

அன்று மதியமே எட்டாம் வகுப்பில் நீ கரும்பலகை முன்னால் நின்றாய். நான் சார்ட் வாங்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். புத்தகத்தைத் தூக்கிக் காட்டினாய். "இதுல படம் மாறிட்டு. இசக்கி படத்தச் சரியாத்தான் பாத்தா. உங்க எல்லாரையும்விட நல்லாப் பாத்தா. தப்பு புத்தகத்தோடது. புத்தகம் என்னோடது. அச்சுக்குப் போகும்போது நான் சரிபாக்கல. நாந்தான் பாக்கல." இசக்கி அப்போதுதான் அழுதாள். வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. நீ மட்டும் ஒரே ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்தாய். நான் சார்ட்டை வாங்காமலே நடந்துவிட்டேன்.

தலைமை ஆசிரியைக்கு விளக்கக் கடிதம் எழுதினாய். அதில் என் பெயர் இல்லை. கம்பாசிட்டர் அண்ணாச்சியின் பெயரும் இல்லை. சனிக்கிழமை நடைகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். புத்தகங்களை விடுதி அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டாய். என் கையில் ஒன்றும் தரவில்லை.

அடுத்த வருடம் தங்கை கல்யாணப் பத்திரிகைக்காக அதே அச்சகத்துக்குப் போனேன். கம்பாசிட்டர் அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"டீச்சர், இந்தத் தடவையாவது பேர வாசிச்சுப் பாருங்க" என்றார். பிறகு மனது கேட்காமல், "நானும் பிளாக்க மாத்தி வெச்சது தப்புதான். ஆனா புரூஃப்லயே மாறித்தான இருந்துச்சு. படம் மாறுனது தெரிஞ்ச அந்தத் திங்கக்கிழம காலைல, நான் கடை தெறக்கும் முன்னயே அந்த டீச்சர் வந்து மழையில நின்னாவ. தாள எடுத்துக் காட்டுனேன். உங்க கையெழுத்தத் தொட்டுப் பாத்துட்டு, 'இத யார்ட்டயும் காட்டாதிய அண்ணாச்சி'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ" என்றார்.

அப்படியென்றால், நனைந்துகொண்டு என் வாசலில் வந்து நின்று 'புரூஃப்ல எப்படி இருந்துச்சு' என்று நீ கேட்டபோது, உனக்குத் தெரியும். பஸ்ஸில் என் கையைப் பிடித்து அழுத்தியபோது தெரியும். வகுப்பில் 'நாந்தான் பாக்கல' என்றபோது தெரியும்.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் நாம் ஒன்றாக வேலை பார்த்தோம். என் பணி நிரந்தரமானபோது எனக்கு முன்னால் நீதான் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாய். ஒவ்வொரு பரீட்சைக்கும் உன் வினாத்தாள் புரூஃபை என்னிடம் நீட்டி, "நீ பாருட்டி. நீ பாத்தா சரியா இருக்கும்" என்பாய். அது தண்டனையா, நம்பிக்கையா என்று ஒருநாளும் எனக்குப் புரிந்ததில்லை. ஒவ்வொரு எழுத்தின்மேலும் விரல் வைத்துப் பார்ப்பேன். மூன்று முறை பார்ப்பேன். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று உனக்குத் தெரியுமா? அது தெரியாமல் எத்தனை மதியங்கள் உன் எதிரே உட்கார்ந்து சோறு பிசைந்தேன்! நீ வாயைத் திறக்கும்போதெல்லாம் இன்றைக்குக் கேட்டுவிடுவாய் என்று நினைப்பேன். நீ ஊறுகாய் கேட்பாய்.

நீ கடைசியாகப் படுத்திருந்தபோதும் வந்தேன். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன் தம்பி, "எழுப்பட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம், தூங்கட்டும்" என்றேன். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார்.

ஆக, போன வாரம் பஸ் ஏறினேன். இசக்கி இப்போது திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறாள். அவள் அம்மா மட்டும் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டில். முடி வெள்ளையாக, அடர்த்தியாக, இறுக்கிக் கொண்டை போட்டிருந்தது. "டிராயிங் டீச்சரா?" என்று உடனே கண்டுகொண்டாள். காபி போட எழுந்தவளை உட்கார வைத்தேன். இல்லாவிட்டால் என் துணிச்சல் போய்விடும்.

"அந்தப் படம் மாறுனதுக்குக் காரணம் அந்த டீச்சர் இல்லம்மா. அன்னைக்குச் சரிபாக்க வேண்டியது நான். பாக்காம கையெழுத்துப் போட்டேன். அந்த டீச்சர் எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டாங்க."

அவள் கை தானாகக் கொண்டையைத் தடவியது. பிறகு, "இத இப்ப எதுக்குச் சொல்லுதிய?" என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

"அஞ்சு மாசம் தெருக்குழாய்க்குத் தண்ணி எடுக்கப் போகல நான். தலையில முக்காடு. மாமியா சாமி குத்தம்னுட்டா. பொங்கலுக்கு ஊரே சிறுகிழங்கு வாங்கும். எங்க வீட்டுக்குள்ள இன்னைக்கு வரைக்கும் எந்தக் கிழங்கும் வந்ததில்ல." கோபத்தில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். "அந்த டீச்சர் மாசம் ஒருக்க வருவாவ. எண்ணெய் காய்ச்சிக் கொண்டாந்து அவங்களே தேச்சு விடுவாவ. மொத மொத முடி மொளச்சப்போ தொட்டுப் பாத்துட்டு, அடுப்படியில போயி நின்னு அழுதாவ."

இது எனக்குத் தெரியாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீடு பூட்டிக் கிடக்கும். அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனேன் என்பாய். நான் ஒருமுறைகூட உன்னோடு வருகிறேன் என்று சொன்னதில்லை.

"அவங்ககிட்ட சொன்னியளா இத?"

"இல்ல. சொல்லாமலே... அவங்க இறந்துட்டாங்கம்மா. ஏழு மாசம் ஆச்சு."

அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. உடம்புக்கு முடியாமல்தான் நீ வரவில்லை என்று நினைத்திருந்தாளாம். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் அதட்டலாகவே சொன்னாள்.

"அப்போ மொதல்ல அவங்ககிட்டல்லா சொல்லணும்? எனக்கு எதுக்கு? போயி அவங்ககிட்ட சொல்லுங்க."

அவள் சொன்னபடியே இதை எழுதுகிறேன். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. ஒரு பக்கத்தில்கூட விரல் வைக்கவில்லை. பார்த்தேன் என்று உன்னிடம் இரண்டு முறை பொய் சொன்னேன். எழுதினால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை, கூடியிருக்கிறது. இத்தனை வருடமாக அதில் பாதியை நீ தூக்கிக்கொண்டு மாதா மாதம் பாபநாசம் பஸ்ஸில் ஏறியிருக்கிறாய். இப்போது முழுவதும் என் கைக்கு வந்துவிட்டது. இருக்கட்டும். என்னுடையதுதானே.